டேவிட் ஸ்டிராவுஸ் வரலாறு

கிறிஸ்து சமய நூல்களிற் கூறப்படும் அற்புதங்கள் மெய்யாகவே நிகழ்ந்தனவோ என்று வினாவினோர், அச்சமயத்திற்குப் புறம்பே நின்றோர் மாத்திரமல்லர். குருமாருக்குரிய கலாசாலையிற் பயின்று, தாமும் குருத்தொழில் பூண்டு, அந்நூல்களை மூலபாஷையிலேயே கற்றுத் துறைபோய ஒருவரே அவ்வினாவைப் பெருநூலாக விரித்து விடையுங் கூறினார். அவர் ஜர்மனி தேசத்து டேவிட் பிரீட்ரிக் ஸ்டிராவுஸ் என்பவர்.

இவர் 1808 ஆம் ஆண்டு ஜனவரி 27 ஆம் நாள் வூர்ட்டம்பர்க் இராச்சியத்து லூட்விக்ஸ்பர்க் நகரிற் பிறந்தார். பிளௌபாய்ரனிலும் பின்னர் டூபிங்கன் சர்வகலாசாலையிலும் கற்றார். ஈரிடத்தும் பௌர் என்னும் பேரறிஞர் இவர்க்கு ஆசிரியராயினர். 1831 இல், ஹெகல் என்னும் தத்துவப் பேராசிரியரிடம் பாடங்கேட்கும் வேட்கையாற் பெர்லின் சென்றார். சென்ற சின்னாட்களுள் ஹெகல் காலமாயினர். ஆயினும் அவர்தம் கொள்கை இவருள்ளத்தை விட்டு நீங்கிற்றில்லை. அடுத்த ஆண்டு டூபிங்கனுக்கு மீண்டு துணையாசிரியராக அமர்ந்தார்.

அக்காலத்து அறிஞர் இரு கட்சியினராய் நின்றனர். ஒரு சாரார், சுவிசேஷங்கள் கூறியன அனைத்தும் கூறியவாறே நிகழ்ந்தன என்றனர். மற்றொரு சாரார், நிகழ்ச்சி மெய்யே. அதனை அற்புதமெனக் கண்டது மயக்கம் என்றனர். பௌலுஸ் என்பார் பின்னவருள் தலையாயவர். இயேசு கடன்மேல் நடந்திலர், கரையில் நடந்தாரைச் சீடர் பிறழக் கண்டனர் என்பதும், ஐயாயிரவர் உண்டது, உணவு கொணர்ந்தோர் இல்லார்க்குப் பகிர்ந்தளித்தமையால் என்பதும் அவருரை. இது நூலையும் காவாது, அறிவையும் நிறைவியாது என்பது எமது கருத்து.

ஸ்டிராவுஸ் கண்டது யாதெனின், இரு திறத்தாரும் ஆராயாது ஒருங்கே ஒப்புக்கொண்டதொன்றுண்டு என்பதே. அச்சுவிசேஷங்கள் கண்டார் கூற்று என்பது அது. உரையளவைக்கு உரைத்தான் தகுதியே உயிர் என்பதை அளவை நூல் பயின்றார் அறிவர். உரைத்தவன் நேரிற் கண்டவனல்லன் என்றாகுமேல், கண்டதைப் பிறழக் கண்டான் என்று அமைதி கூறுவது வீண் முயற்சியாம்.

இக்கருத்தை இயேசுவின் வாழ்க்கையாராய்ச்சி என்னும் பெயரால் 1835, 1836 ஆம் ஆண்டுகளில் இரு பெருந்தொகுதிகளாக வெளியிட்டார். முதற்றொகுதி வெளிவந்தபோது இவர்க்கு வயது 27. மத்தேயு தாவீதின் மகன் சாலொமோன் வழியாகவும், லூக்கா மற்றொரு மகன் நாத்தான் வழியாகவும் இயேசுவின் மரபை இழுத்துக் கூறுதலை எடுத்துக் காட்டினார். மத்தேயு ஏரோது அரசன் காலத்துப் பிறந்தார் என்பர்; லூக்கா சிரேனியுவின் குடிமதிப்புக் காலம் என்பர். ஏரோது இறந்தது கி. மு. 4 இல், அக்குடிமதிப்பு கி. பி. 6 இல். சிலுவையில் அறையுண்டது பஸ்கா விருந்துண்ட மறுபகல் என்பர் மூவர். விருந்துக்கு முன் என்பர் யோவான். இங்ஙனம் ஒவ்வொரு கதையாக எடுத்து, முரண்களை நிரல்படக் காட்டிச் சென்றார்.

அங்ஙனமாயின் அற்புதக் கதைகள் தோன்றியவாறு என்னை? வஞ்சகர் புனைந்தனர் என்று இவர் கூறிற்றிலர். மோசே வனாந்தரத்தில் உணவளித்தார். எலிசா இருபது அப்பங்களால் நூறு பேரை உண்பித்தார். வரவிருக்கும் மேசியா அவரினும் மிக்கது செய்வார் என்று யூதர் எதிர்நோக்கினர். அந்நம்பிக்கை, இயேசுவே மேசியா எனத் துணிந்தோர் வாயில், செய்தார் எனக் கதையாய் விளைந்தது என்றார். இயேசு என்றொருவர் இருந்திலர் எனவும் இவர் சொன்னாரல்லர். நிகழ்ச்சி நழுவினும், இறைமையும் மானிடமும் ஒன்றுதல் என்னும் உட்பொருள் மனுக்குலம் முழுமைக்கும் உரியதாய் நிலைபெறும் என்றே நூலை முடித்தார்.

முடிவுரையை மதித்தார் சிலர், வெகுண்டார் பலர். 1835 இலேயே டூபிங்கன் பதவி போயிற்று. மூன்றாம் பதிப்பில், 1838 இல், யோவான் சுவிசேஷத்தைப் பற்றிய தம் உரையைச் சற்றுத் தளர்த்தி எழுதினார். 1839 தொடக்கத்தில் ஜூரிச் சர்வகலாசாலை இவரைப் பேராசிரியராக அழைத்தது. அந்நாட்டில் ஏறத்தாழ 39,000 பேர் எதிர்த்துக் கையொப்பமிட்டனர். ஆதரித்தோர் ஆயிரத்துச் சொச்சமே. பதவியேற்கு முன்னரே ஆண்டுக்கு 1,000 பிராங்கு உபகாரச் சம்பளம் விதித்து விலக்கினர். அவ்வளவில் அமையாது, செப்டம்பர் 6 ஆம் நாள் நாட்டுப்புறத்தார் படைகொண்டு நகர் புகுந்து அவ்வரசாங்கத்தையே வீழ்த்தினர். 1840 இல் வந்த நான்காம் பதிப்பில், முன்னர்த் தளர்த்தியவற்றையெல்லாம் இவர் மீட்டும் இறுக்கினார். இழத்தற்கு இனி ஒன்றுமில்லாதவன் எழுத்தாணி வளையாது போலும். ஜார்ஜ் எலியட் எனப் பின்னாட் பெயர்பெற்ற அம்மையார் 1846 இல் ஆங்கிலப்படுத்தியது இந்நான்காம் பதிப்பையே.

இவர் ஆராய்ச்சியிற் குறையும் உண்டு. கதைகளை ஆராய்ந்தாரன்றி, நான்கு நூல்களுள் எது முந்தியது, எது எதனைப் பார்த்தெழுதியது என்று நூல்களை ஆராய்ந்திலர் எனப் பௌரே குறை கூறினர். மாற்கு பிந்தியது என இவர் கொண்டதும், அதுவே முந்தியதெனப் பிற்காலத்தார் பலர் துணிந்ததும் இதனைக் காட்டும். இன்னுமொன்று: இவர் நூலைப் பிற சமயத்தார்மேல் எய்தற்கு வாய்த்த அம்பென மகிழ்ந்தெடுப்பார் நம்மவருள் உளராயின், அவ்வுரைகல்லிலேயே தம் புராணங்களையும் உரைக்க இசைவாரா என்று தம்மை வினவிக்கொள்க.

பின்னாளைய வாழ்வு சுருங்கக் கூறற்பாலது. 1842 இல் ஆக்னெசே ஷெபெஸ்ட் என்னும் பாடகியை மணந்து, இரு மக்களைப் பெற்று, சில ஆண்டுகளிற் பிரிந்தார். நெடுநாள் பிறர் சரித்திரங்களே எழுதினார். 1864 இல் பொதுமக்களுக்கென இயேசுவின் வரலாற்றை மீண்டும் எழுதினார். 1872 இல் பழைய நம்பிக்கையும் புதிய நம்பிக்கையும் என்னும் நூலில், யாம் இன்னுங் கிறிஸ்தவரோ என்னும் வினாவுக்கு அல்லேம் என்று விடையிறுத்து, டார்வின் கொள்கையைத் தழுவினார். 27 வயதில் நிலைக்குமென்ற உட்பொருளை 64 வயதிற் கைவிட்டார். கதை வீழ்ந்ததனால் உட்பொருளும் வீழ்ந்ததெனல் ஆகாது. ஹெகலிடம் கடன்கொண்ட அப்பொருள் முதற்கண்ணே வேரூன்றாதிருந்தது என்றே யாம் கருதுகின்றோம். பழைய நண்பரும் வருந்தினர். நீட்ஷே என்னும் இளைஞர் மறு ஆண்டே கடுமையாக இகழ்ந்தெழுதினர்.

1874 பிப்ரவரி 8 ஆம் நாள், பிறந்த ஊராகிய லூட்விக்ஸ்பர்க்கிலேயே உயிர் நீத்தார். இவர் விரும்பியவாறே குருமார் சடங்கின்றி இவரை அடக்கஞ் செய்தனர்.