கடல் கடந்த புறா

(10-ஆம் வகுப்பு மாணவி)

பாட்டு இல்லாத நாடு உலகில் இல்லை. தொட்டிலில் கேட்கும் தாலாட்டிலிருந்து கடைசிப் பயணத்தில் கேட்கும் ஒப்பாரி வரை மனித வாழ்வு பாட்டோடு பின்னிப் பிணைந்தது. ஆனால் நாம் விரும்பிப் பாடும் பாட்டை இயற்றியவர் யார் என்று நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்க்கிறோம்? உலகமே தம் பாட்டைப் பாட, தம் பெயரை மட்டும் உலகம் மறந்துவிட்ட ஓர் இசைப் புலவரின் வாழ்க்கையை என் அன்புத் தோழியருக்குச் சொல்ல விரும்புகிறேன்.

ஒரு நாள் இசை வகுப்பில் எங்கள் ஆசிரியை பியானோவில் ஒரு மெட்டை வாசித்தார். எங்கோ கேட்ட மெட்டு என்று எங்களில் பலருக்கும் தோன்றியது. ஆனால் அது எந்த நாட்டுப் பாடல், யார் இயற்றியது என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை. அது 'லா பலோமா' என்னும் ஸ்பானியப் பாடல் என்றும், அச்சொல்லுக்குப் 'புறா' என்பது பொருள் என்றும் ஆசிரியை கூறினார். அதை இயற்றியவர் செபஸ்தியான் இராதியேர்.

இராதியேர் 1809-ஆம் ஆண்டு ஜனவரி 20-ஆம் நாள், ஸ்பெயின் நாட்டின் வடபகுதியில் பாஸ்க் மக்கள் வாழும் ஆலவா மாநிலத்தில், லான்சியேகோ என்னும் சிற்றூரில் பிறந்தார். இளமையிலேயே இசையில் தேர்ச்சி பெற்று, சல்வத்தியேரா என்ற ஊரின் தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவராகப் பணியாற்றினார். திருப்பலியில் இறைவனைப் போற்றி இசைத்த அதே விரல்கள்தாம் பின்னாளில் உலகம் போற்றும் பாடலையும் இசைத்தன.

சிற்றூரில் அடங்கியிருக்க அவர் உள்ளம் இடம் தரவில்லை. தலைநகரான மட்ரிட் சென்று அங்குள்ள இசைக் கல்லூரியில் ஆசிரியரானார். பிறகு பாரிஸ் மாநகரம் அவரை அழைத்தது. மூன்றாம் நெப்போலியனின் துணைவியும் ஸ்பெயினில் பிறந்தவருமான பேரரசி யூஜெனிக்குப் பாட்டுக் கற்பிக்கும் பேறு அவருக்குக் கிடைத்தது. அங்கே அவர் பாடல்களை அச்சிட்டவர்கள் அவர் பெயரின் முதலெழுத்தையே மாற்றி அச்சிட்டனர். பெயர் மறைவதற்கு அதுவே முதற்படி ஆயிற்றோ என்று எனக்குத் தோன்றுகிறது.

அக்காலத்தில் கியூபா தீவின் தலைநகரான ஹவானாவிலிருந்து 'ஹபனேரா' என்னும் தாளம் கடல் கடந்து ஸ்பெயினுக்கு வந்திருந்தது. அதைக் கண்டுகொள்வது எளிது. எட்டு மாத்திரைகளை மூன்று, ஒன்று, இரண்டு, இரண்டு எனப் பிரித்துக் கை தட்டிப் பாருங்கள். முதல் தட்டு நீண்டு நிற்கும். இரண்டாவது சட்டென்று வந்து போகும். மற்ற இரண்டும் அமைதியாகத் தொடரும். அலையில் படகு ஏறி இறங்குவது போன்ற ஓர் அசைவு அதில் உண்டு. ஸ்பானிய மொழி தெரியாவிட்டாலும் இத்தாளத்தைக் கொண்டே நாம் ஒரு ஹபனேராப் பாடலை இனங்காணலாம்.

இந்தத் தாளத்தில் அமைந்ததே 'லா பலோமா'. 1859-ஆம் ஆண்டில் அது மட்ரிட் நகரில் பதிவு செய்யப்பட்டது. ஹவானாவை விட்டுக் கப்பலேறும் ஒருவன் தன் அன்புக்குரியவளுக்குச் சொல்வதாகப் பாடல் அமைந்துள்ளது. உன் சன்னலுக்கு ஒரு புறா வந்தால் அதை அன்போடு வரவேற்று மலர் சூட்டு. அது நான்தான் என்பது அதன் கருத்து.

இப்பொருளைக் கேட்டதும் எனக்கு நம் தமிழ் நினைவுக்கு வந்தது. வறுமையிலும் குளிரிலும் வாடிய சத்திமுத்தப் புலவர் மதுரையிலிருந்து தம் மனைவிக்கு நாரையைத் தூது விட்டாரல்லவா? பறவையைத் தூது விடும் உள்ளம் தமிழருக்கும் ஸ்பானியருக்கும் ஒன்றே. அதுமட்டுமன்று, நம் செட்டிநாட்டு மண்ணுக்கும் இப்பாடல் அந்நியமானதன்று. கொண்டுவிக்கப் போவது என்று சொல்லி இங்கிருந்து எத்தனை பேர் இரங்கூனுக்கும் பினாங்குக்கும் சைகோனுக்கும் கப்பலேறினார்கள்! வானளாவிய வளவு வீடுகளின் பர்மாத் தேக்குத் தூண்களை நாம் வியந்து பார்க்கிறோம். அத்தூண்களில் சாய்ந்து ஆண்டுக்கணக்கில் கடிதத்துக்காகக் காத்திருந்த பெண்களை நினைக்கிறோமா? லா பலோமா அவர்களுக்காகவும் பாடப்பட்ட பாடல் என்றே நான் கருதுகிறேன்.

இராதியேர் தம் இறுதி நாட்களில் தாயகம் திரும்பினார். 1865-ஆம் ஆண்டு டிசம்பர் 6-ஆம் நாள் வித்தோரியா நகரில் தம் 56-ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார். அப்போது அவரைப் பெரிதாக யாரும் அறியவில்லை. தம் புறா எவ்வளவு தூரம் பறக்கப்போகிறது என்பதை அறியாமலே அவர் கண் மூடினார்.

ஆனால் புறா பறந்தது. மெக்சிகோவில் பேரரசர் மாக்சிமிலியனும் அவர் துணைவி கார்லோத்தாவும் விரும்பிய பாடலாயிற்று. ஜெர்மனியின் மாலுமிகள் அதைத் தம் பாடலாகவே கொண்டனர். 1961-ல் அமெரிக்கப் பாடகர் எல்விஸ் பிரெஸ்லி அதே மெட்டில் அமைந்த ஓர் ஆங்கிலப் பாடலைப் பாடினார். 2004-ஆம் ஆண்டு ஹாம்பர்க் துறைமுகத்தில் எண்பதாயிரம் பேருக்கு மேல் ஒன்றுகூடி அதைப் பாடினார்கள்.

இன்னொரு செய்தி என் உள்ளத்தை மிகவும் தொட்டது. பிரெஞ்சு இசைமேதை பிசே 'கார்மென்' என்னும் இசை நாடகத்தை 1875-ல் பாரிசில் அரங்கேற்றினார். அதில் உலகப் புகழ் பெற்ற ஹபனேராப் பாட்டு ஒன்று உண்டு. அதன் மெட்டை யாரோ பெயர் தெரியாதவர் பாடிய நாட்டுப்பாடல் என்று எண்ணியே அவர் எடுத்தாண்டிருந்தார். உண்மையில் அது இராதியேர் இயற்றிய 'எல் அர்ரெக்லித்தோ' என்ற பாடல். உண்மை தெரிந்தவுடன் பிசே அதை மறைக்கவில்லை. அச்சுப் பிரதியில் அதைக் குறிப்பிட்டு நன்றிக்கடனைத் தீர்த்தார். அரங்கேறிய மூன்றே மாதங்களில் 36 வயதில் அவரும் மறைந்தார். பிறர் உழைப்பைப் பிறருடையது என்று ஒப்புக்கொள்வது எத்துணை உயர்ந்த பண்பு!

இதைப் படித்த அன்று மாலை என் அப்பத்தாவிடம் சென்றேன். அவர்கள் என்னைத் தொட்டிலிட்டுப் பாடிய தாலாட்டை இயற்றியது யார் என்று கேட்டேன். அவர்கள் சிரித்துவிட்டு, தம் தாயார் பாடக் கேட்டதாகவும், அவர் தம் தாயாரிடம் கேட்டதாகவும் கூறினார்கள். அதற்கு அப்பால் யாருடைய பெயரும் கிடைக்கவில்லை. அக்கரைக்குப் போன அப்பாவை அழைக்கும் அந்தப் பாட்டை ஒரு நோட்டில் எழுதி, அதன் கீழே அந்த இருவர் பெயரையும் அப்பத்தா பெயரையும் எழுதி வைத்தேன். எழுதியதைப் படித்துக் காட்டியபோது அப்பத்தாவின் கண்கள் கலங்கின.

அன்புத் தோழியரே! எந்த மொழிப் பாடலானாலும் சரி, கேட்டு மகிழ்வதோடு நின்றுவிடாமல், அது எங்கிருந்து வந்தது, யார் இயற்றியது என்று ஒருமுறையேனும் கேட்டறிவோம். மறைந்தவர்களுக்கு நாம் செலுத்தக்கூடிய நன்றி, அவர்கள் பெயரைச் சொல்லுவதே. நன்றி மறவாத நெஞ்சத்தோடு நல்ல பாடல்களைப் போற்றுவோமாக!