கற்பிட்டி சைமன் காசிச்செட்டி

இலங்கையின் மேல்கரையில், புத்தளக் களப்புக்கும் கடலுக்கும் நடுவே வடக்கு நோக்கி நீண்டு கிடக்கும் நிலக்கூற்றின் தலைப்பிலே உள்ளது கற்பிட்டி என்னும் ஊர். ஒல்லாந்தர் கட்டிய கோட்டையும், வெண்மணற் பரப்பும், தென்னந்தோப்புகளும், மீன்பிடிப்போர் வாடிகளும் அவ்வூரின் காட்சிகளாம். அங்கே 1807-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 21-ஆம் நாள் பிறந்தவர் சைமன் காசிச்செட்டியார். தமிழ்ப் புலவர் வரலாறுகளை ஒரு நூலாகத் திரட்டியவர் என நம் ஆசிரியன்மார் அவரை அறிவர். அத்தகைய நூலை எழுதுதற்கு வேண்டிய கல்வியை அவர் எங்கே, எப்பொழுது பெற்றார் என்பதையே ஈண்டு நாம் கூறப் புகுந்தோம்.

அவர் காலத்தில் இத்தீவிலே பல்கலைக்கழகம் என்பதொன்று இல்லை. கொழும்பிற் பல்கலைக்கழகக் கல்லூரி தோன்றியது 1921-இலேதான். இக்காலத்து மாணாக்கர் இன்னும் பள்ளியில் இருக்கும் பருவத்திலேயே காசிச்செட்டியார் புத்தளம் நீதிமன்றில் மொழிபெயர்ப்பாளராய் அமர்ந்துவிட்டார். படிப்பு முடிந்தது, உத்தியோகம் தொடங்கியது என்று பிறர் எண்ணும் அவ்விடத்திலேதான் அவர் படிப்புத் தொடங்கிற்று என்னலாம். அக்கரையில் வழக்காட வருவோர் ஓரினத்தாரல்லர். முக்குவரும் பரவரும் சோனகரும் சிங்களரும் தத்தம் பேச்சோடும் வழக்காறுகளோடும் வந்து நிற்பர். ஒருவர் உரைத்ததை மற்றொருவருக்கு விளக்குவதோடு கூலிக்குரிய வேலை முடிந்துவிடும். காசிச்செட்டியாரோ வந்தவர்தம் குலவரலாறு யாது, ஊர்ப்பெயர்க்குப் பொருள் யாது, மணவினையும் தாயமுறையும் எவ்வாறு என்றெல்லாம் ஆராய்ந்தறிந்தார். பரவர் தம் தோற்றமும் வரலாறும் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1837-இல் இலண்டன் அரச ஆசியக் கழகத்தின் பத்திரிகையிலே வெளிவந்தது. கற்பிட்டிக் கடற்கரையில் கேட்டறிந்த செய்தி இலண்டன் அறிஞர் அவைக்குச் சென்றது சிறு காரியமன்று.

இவ்வாறு திரட்டியவற்றின் முதற்பெரும் பயன் 1834-இல் கோட்டை நகரத்துக் கிறித்தவ மிசன் அச்சகத்தில் அச்சான இலங்கை இடவிளக்க அகராதி. ஊர், ஆறு, மலை, துறைமுகம் முதலியவற்றை அகரவரிசையில் நிறுத்தி, அவ்வவற்றின் நிலையும் விளைபொருளும் வாழ்நரும் உரைக்கும் ஆங்கில நூல் அது. அப்பொழுது அவர்க்கு ஆண்டு இருபத்தேழு. தமிழும் ஆங்கிலமும் சிங்களமும் அன்றி, வடமொழி, போர்த்துக்கீசம், ஒல்லாந்தம், இலத்தீன், கிரேக்கம், எபிரேயம், அரபு ஆகியவற்றையும் அவர் பயின்றவர் என்பர். இவற்றை ஒருங்கே கற்க அவர்க்கு ஓய்வு யாது இருந்தது? மணியகாரர், முதலியார், 1838 முதற் சட்டநிரூபண சபையில் தமிழர் பிரதிநிதி, 1845-இற் சிவில் சேவை உத்தியோகத்தர், பின்னர்ச் சிலாபத்தில் நீதிபதி எனப் பதவிமேற் பதவி வந்தவண்ணமாகவே இருந்தது. பகலெல்லாம் வகுப்பும் மாலையெல்லாம் கொப்பி திருத்தலுமாய்க் கழிகின்றதே, படிப்பதெங்ஙனம் என்று நொந்துகொள்ளும் நாம் இப்பட்டியலைச் சற்றே நின்று பார்க்கத் தகும்.

1845-இற் கொழும்பிலே அரச ஆசியக் கழகத்தின் கிளை தோன்றியதும் அதன் ஏட்டிற்கும் எழுதலானார். யாழ்ப்பாண வரலாறு, உமறுப் புலவர் இயற்றிய சீறாப்புராணம், யாவராலும் ஒதுக்கப்பட்ட ரொடியர் வாழ்க்கையும் பேச்சும் என அவர் கைவைத்த பொருள்கள் பலதிறத்தன. உயர்குலத்துப் பதவியாளர் ஒருவர் ரொடியர் சொற்களைக் கேட்டுக் குறித்துக்கொண்டார் என்பதை, மாணாக்கரிற் சிலரைத் தள்ளி வைத்துப் பழகியோர் கவனிப்பாராக.

1859-இல் அவர்தம் ஐம்பத்திரண்டாம் வயதிற் புலவர் வரலாறு வெளிவந்தது. பெரியோர் பலர் வரலாறுகளை எழுதிய புளூட்டாக் என்னும் கிரேக்கரை நினைந்து, அதற்குத் தமிழ்ப் புளூட்டாக் எனப் பெயரிட்டார். இதுவும் ஆங்கில நூலே. அவர் கத்தோலிக்கர், ஆயினும் சம்பந்தர், அப்பர், சுந்தரர், மணிவாசகர் ஆகியோரையும் உமறுப் புலவரையும் வீரமாமுனிவரையும் அந்நூல் தன்னகத்தே கொண்டது. மிசன் பள்ளியிற் பயின்ற நமக்குப் பாடப்புத்தகங்களில் வேற்றுநாட்டுப் புலவர் பெயர்கள் கிடைத்த அளவிற்கு நம்மவர் பெயர்கள் கிடைத்ததில்லை. ஆதலின் இந்நூலின் அருமையை நாம் நன்குணர்வோம்.

குறைகளும் உள. கன்ன பரம்பரைக் கதைகள் வரலாற்றோடு விரவி வருகின்றன. காலவரையறை பலவிடத்து நில்லாது. ஆனால் அவர் எழுதியபொழுது கலித்தொகை அச்சேறவில்லை. அது தாமோதரம்பிள்ளையவர்களால் 1887-இலே வெளிவந்தது. பத்துப்பாட்டுச் சாமிநாதையரவர்களால் 1889-இலும், புறநானூறு 1894-இலும் வெளிவந்தன. ஏடுகள் வீடுதோறும் செல்லரித்துக் கிடந்த காலத்திலே, கிடைத்ததையும் கேட்டதையும் கொண்டு எழுதியவர் அவர். எல்லாம் முற்றத் தெளிந்த பின்னரே எழுதுவோம் என்று அவர் காத்திருந்தால் நூலே தோன்றியிராது. ஏனெனில், அடுத்த ஆண்டு 1860 நவம்பர் 5-ஆம் நாள் அவர் காலமாயினார். ஐம்பத்துமூன்று வயது; நம்மனோர் வயதுதான்.

சதாசிவம்பிள்ளையவர்கள் 1886-இல் வெளியிட்ட பாவலர் சரித்திர தீபகம் அவ்வழியே நடந்து மேலும் பல புலவரைச் சேர்த்தது. தமிழர்தம் குலங்கள், வழக்கங்கள், இலக்கியம் பற்றிக் காசிச்செட்டியார் எழுதிய நூல் கொழும்பிலே 1934-இல் வெளியிடப்பெற்றது. அப்பொழுது அவர் மறைந்து எழுபத்துநான்கு ஆண்டுகள் கழிந்திருந்தன.