கராச்சி டூ மெட்ராஸ்... நடுவுல ஒரு மாட்டு வண்டி!

தூரத்தை வேகத்தால வகுத்தா நேரம் வந்துடும்னு ஸ்கூல்லயே படிச்சுட்டோம். அந்தக் கணக்கில் விட்டுப்போகிற ஒரு சங்கதியை ஆயுசு பூராவும் விடாமப் பிடிச்சுக்கிட்ட மனிதர் ஜே.ஆர்.டி. டாட்டா. அவரைப் பத்தித்தான் எழுத வந்தேன்.

1904 ஜூலை 29-ல் பாரிசில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் இன்ஜினியரிங் படிக்க ஆசை. ஆனால் அப்பா பம்பாய்க்கு வரச் சொல்லிவிட்டார். கம்பெனியில் சம்பளம் இல்லாத அப்ரண்டிஸ்! டிகிரி வாங்காதவர்தான் 1929 பிப்ரவரி 10-ல் இந்தியாவின் முதல் பைலட் லைசென்ஸை வாங்கினார்.

1930-ல் இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் நடுவே தனியாகப் பறக்கும் ஆகாகான் போட்டி. எகிப்தில் அபூக்கிர் விமானத் தளத்தில் எதிர்ப்போட்டியாளர் அஸ்பி இன்ஜினியர் ஸ்பார்க் பிளக் இல்லாமல் நின்றுகொண்டிருந்தார். ஜே.ஆர்.டி. தன்னிடம் இருந்த ஸ்பேர் பிளக்கை எடுத்துக் கொடுத்தார். அஸ்பி ஜெயித்தார். இவர் தோற்றார்! அந்த அஸ்பி பின்னால் இந்திய விமானப்படைத் தளபதியே ஆனார்.

லண்டன் தபால் அப்போது விமானத்தில் கராச்சி வரை வந்துகொண்டிருந்தது. அதை மெட்ராஸ் வரை விமானத்திலேயே கொண்டுவரலாம் என்று யோசனை சொன்னவர் நெவில் வின்சென்ட். 1932 அக்டோபர் 15 காலை 6.35-க்கு ஜே.ஆர்.டி. பஸ் மாத் விமானத்தில் கராச்சியை விட்டார். மதியம் 1.50-க்கு பம்பாய் ஜுஹு. அங்கிருந்து வின்சென்ட் பெல்லாரி வழியாக மெட்ராசுக்குக் கொண்டுபோனார்.

இப்போ கணக்கைப் போடுங்க. அகமதாபாத் வழியாக சுமார் 1,000 கிலோமீட்டர். வேகம் மணிக்கு 160. ஆறே கால் மணி நேரம்தான் வரணும். ஆனது ஏழே கால்! மீதி ஒரு மணி நேரம் எங்கே போச்சு? பெரும்பாலும் தரையிலதான். அகமதாபாத்தில் பெட்ரோல் டின்கள் மாட்டு வண்டியில் வந்தன!

ரேடியோ கிடையாது. மழைக்காலத்தில் ஜுஹு மண் தரை சேறாகிவிடும், அப்போ பூனாவுக்கு மாறணும். இத்தனைக்கும் நடுவே முதல் வருஷமே நேரம் தவறாமைக்குப் பெயர் வாங்கினது அந்தச் சர்வீஸ்.

1948 ஜூன் 8-ல் இவருடைய ஏர் இந்தியா இன்டர்நேஷனல் பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனீவா வழியாக லண்டன் பறந்தது. 1953-ல் அரசுடைமை ஆனது. 1978-ல் இவரைத் தலைவர் பதவியிலிருந்து நீக்கினார்கள். மனிதர் துவளவில்லை. 1982-ல், 78 வயதில், கராச்சி - பம்பாய் பயணத்தைச் சின்ன விமானத்தில் மறுபடி ஓட்டிக் காட்டினார். 1993 நவம்பர் 29-ல் ஜெனீவாவில் காலமானார். 2022-ல் ஏர் இந்தியா டாட்டாவிடமே திரும்பி வந்தது.

நம்ம பூண்டி, திருப்பூர்க்காரங்களுக்கு இது புதுசில்லைங்க. ஷிப்மென்ட் லேட்டாயிட்டா பனியன் பெட்டிகளை விமானத்தில் ஏத்துவாங்க. ஐரோப்பாவுக்குப் பறக்கிறது பத்து மணி நேரம் சொச்சம்தான். ஆனா செக்கிங், அயனிங், பேக்கிங், கஸ்டம்ஸ்னு தரையில ஆகிற நாட்களை எந்த விமானத்தாலயும் குறைக்க முடியாது. அதைக் குறைக்கிற வேலை ஷாப் ஃப்ளோரில் நிற்கப் போகிற நம்ம டிப்ளமோக்காரங்க கையிலதான் இருக்கு, நண்பர்களே!