இராஜலட்சுமி அம்மையாரின் எழுதுகோல்

மேல்வகுப்பு மாணாக்கரிடம் ஒருநாள், டி. பி. இராஜலட்சுமி என்பவர் யாவர் என வினவினேன். தமிழின் முதற் பேசும்படக் கதாநாயகி எனப் பலர் விடை பகர்ந்தனர். நாவலாசிரியர், தயாரிப்பாளர், இயக்குநர் என்று ஒருவரேனும் கூறினாரல்லர். பிழை அவர்களுடையதன்று. நாம் அவ்வம்மையாரின் முகத்தை நினைவில் வைத்தோம், எழுதுகோலை மறந்தோம்.

திருவையாற்றிலே 1911ஆம் ஆண்டு பிறந்த அவருக்குச் சிறு பருவத்திலேயே மணவினை நிகழ்ந்தது. அது நிலைக்கவில்லை, தந்தையாரும் மறைந்தார். அந்தணர் குடிப் பெண் அரங்கேறுதல் இழுக்கெனக் கருதப்பட்ட அந்நாளில், குடும்பத்தைக் காக்கும் பொருட்டு நாடகக் குழுவிலே சேர்ந்தார். ஆடலும் பாடலும் அவர்க்குப் புகழ் ஈட்டித் தந்தன. பின்னர் ஊமைப் படங்களிலும் தோன்றினார்.

எச். எம். ரெட்டி இயக்கிய ‘காளிதாஸ்’ 1931 ஒக்டோபர் 31இல் வெளிவந்தது. அதில் அம்மையார் இளவரசி வித்யாதரியாக நடித்தார். அக்கதையைச் சற்றே எண்ணிப் பார்மின். தன் மகனை மணக்க மறுத்த கல்வியறிவுடைய இளவரசியை, அமைச்சன் சூழ்ச்சியால் ஒரு மூடனுக்கு மணமுடிக்கிறான். ஈற்றில் காளி அருளால் அம்மூடன் பெரும்புலவனாகிறான். மறுத்தவளுக்குத் தண்டனை, கணவனுக்குக் கவித்துவம்! பேசத் தொடங்கிய திரை, பெண்ணைப் பற்றி முதலிற் பேசியது இதுவே.

1933இல் ‘வள்ளி திருமணம்’ அவரை ‘சினிமா ராணி’ ஆக்கியது. அவ்வாண்டுகளின் படங்கள் பெரும்பாலும் புராண இதிகாசக் கதைகளே. பத்தினி, பக்தை, தெய்வமகள் என்னும் அச்சுகளிலே பெண்ணுருவங்கள் வார்க்கப்பட்டன. தம் வாழ்வைத் தாமே அமைத்துக்கொண்ட அம்மையார், அவ்வச்சுகளுக்குள்ளே நின்றுதான் புகழ் பெற வேண்டியிருந்தது.

ஆயினும் அவர் அங்கே அடங்கிவிடவில்லை. தாம் எழுதிய ‘கமலவல்லி’ நாவலை, சொந்த நிறுவனத்தின் வாயிலாக 1936இல் ‘மிஸ் கமலா’ எனப் படமாக்கினார். எழுத்து, தயாரிப்பு, இயக்கம், நடிப்பு யாவும் அவருடையனவே. தென்னிந்தியாவின் முதற் பெண் இயக்குநர் என்னும் பெருமை இவ்வாறு அவரைச் சேர்ந்தது. கதையோ, உள்ளம் விரும்பியவன் ஒருவனாக, மணம் வேறொருவனோடு முடிக்கப்பட்ட பெண்ணின் துயரம். தெய்வமகளும் பத்தினியும் உலவிய திரையிலே, தனக்கென விருப்பமுடைய மானிடப் பெண் ஒருத்தி தோன்றினாள். சிறுமியாய் மணவறை கண்டவர் அக்கதையைத் தேர்ந்தது தற்செயலென்று நான் கருதேன். தம் மகளுக்கும் அவர் கமலா என்றே பெயரிட்டார்.

பின்னர் ‘மதுரை வீரன்’ படத்தையும் இயக்கிய அம்மையார் 1964இல் மறைந்தார். அவர்க்குப் பின் எத்தனையோ கதாநாயகியர் வந்தனர். கதையைத் தம் கையிலே கொண்ட பெண்டிரோ நெடுங்காலம் அரியராகவே இருந்தனர்.

இதனை எழுதும்போது என் பிழையும் எனக்குப் புலனாகிறது. பல்லாண்டுகளாகக் கண்ணகியைக் கற்பின் வடிவமென விரித்துரைத்த நான், அரசவையிலே சான்று காட்டி வழக்குரைத்து வென்றவள் என்பதை விரைந்து கடந்து வந்தேன். திரை வார்த்த அதே அச்சு என் வகுப்பறையிலும் இருந்தது. இனி அந்தக் காதையை ஆறுதலாகப் படிப்பிப்பேன். அன்று இராஜலட்சுமி அம்மையாரின் பெயரையும், எழுதுகோலோடு சேர்த்துச் சொல்வேன்.