பகடை கற்பித்த பாடம்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. கணித மாணவன்

சூதினால் நாடிழந்த தருமனையும், கட்டிய மனைவியைக் கானகத்தில் விட்டுப் பிரிந்த நளனையும் தெருக்கூத்தில் கண்டு கண் கலங்காதவர் நம்மில் எவரும் இலர். சூது என்று ஓர் அதிகாரமே வகுத்துத் தந்தார் வள்ளுவப் பெருந்தகை. ஆனால், சூதாடித் தோற்ற மனிதர் ஒருவர், தாம் தோற்ற காரணத்தைத் தாமே கணிதமாக எழுதி வைத்துவிட்டுப் போனார் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அவர்தாம் இத்தாலி நாட்டு மேதை ஜிரோலாமோ கார்டானோ. அவருடைய வரலாற்றை நான் தேடிப் படித்தது தேர்வுக்காக அன்று. எங்கள் வீட்டில் நான் போட்ட ஒரு கணக்கே அதற்குக் காரணம். அந்தக் கணக்கு சரியானது. ஆனாலும் தவறானது! அதனைப் பின்னர்க் கூறுகிறேன்.

பிறப்பும் இளமையும்

கார்டானோ 1501-ஆம் ஆண்டு செப்டம்பர் 24-ஆம் நாள் பாவியா நகரில் பிறந்தார். தந்தை ஃபாசியோ ஒரு வழக்கறிஞர், கணிதத்திலும் வல்லவர், ஓவிய மேதை லியொனார்டோ டா வின்சியின் நண்பர். ஆனால் தாய் கியாராவை அவர் முறைப்படி மணந்திருக்கவில்லை. தாம் செய்யாத இப்பிழையின் சுமையைக் கார்டானோ பல்லாண்டுகள் சுமக்க நேர்ந்தது. பாவியாவிலும் பாதுவாவிலும் மருத்துவம் பயின்று பட்டம் பெற்று வந்த அவரை, மிலான் நகர மருத்துவர் கழகம் பிறப்பைக் காட்டித் தள்ளி வைத்தது. 1539-ஆம் ஆண்டில்தான் அதன் கதவு அவருக்குத் திறந்தது.

தந்தை விட்டுச் சென்ற சிறு பொருள் விரைவில் கரைந்தது. மாணவப் பருவத்திலேயே பகடையும் சீட்டும் சதுரங்கமும் அவருக்கு வருமான வழியாயின. எந்தக் காய் எத்தனை முறை விழும் என்பதை மற்றவர்களைவிட நன்கு அறிந்திருந்தமையால் சில காலம் வென்றார். வென்றதால் விடவில்லை, விடாததால் தோற்றார். வெனிஸ் நகரில் ஒருமுறை, எதிரே ஆடியவன் சீட்டுகளில் அடையாளமிட்டு ஏமாற்றுவதைக் கண்டு, குத்துவாளால் அவன் முகத்தைக் கீறிவிட்டு ஓடித் தப்பினார் என்றால், அந்த மேசை அவரை எங்கே கொண்டு சென்றது என்பதை எண்ணிப் பாருங்கள்!

1531-இல் லூசியா என்னும் நங்கையை மணந்தார். வறுமை முற்றியபோது மனைவியின் நகைகளும் வீட்டுத் தட்டுமுட்டுச் சாமான்களும் அடகுக்குச் சென்றன. மிலான் நகரின் ஏழையர் விடுதியில் குடும்பத்துடன் தங்கும் நிலையும் வந்தது. பின்னர்க் கணித ஆசிரியர் பணி கிடைத்தது. படிப்படியாக மருத்துவத்திலும் பெயர் பெற்றார்.

சூதாட்ட நூல்

கார்டானோவின் பெரும்புகழுக்குக் காரணமான நூல், 1545-இல் வெளிவந்த ஆர்ஸ் மாக்னா. முப்படி, நாற்படிச் சமன்பாடுகளின் தீர்வுகளை உலகுக்கு அறிவித்தது அந்நூல். முப்படித் தீர்வை அவருக்கு இரகசியமாகச் சொன்ன டார்டாக்ளியா, வாக்குத் தவறினார் என்று அவரை வசைபாடியது தனிக் கதை. நான் சொல்ல வந்தது மற்றொரு நூலைப் பற்றி. லிபர் டே லூடோ ஆலே, அதாவது பகடையாட்டத்தைப் பற்றிய நூல். பல்லாண்டுகளாகச் சிறிது சிறிதாக எழுதிய அந்தக் கையெழுத்துப்படி அவர் வாழ்நாளில் அச்சேறவில்லை. 1663-ஆம் ஆண்டில்தான் வெளிவந்தது.

அந்நூலில் அவர் எழுப்பிய கேள்வி இது: ஒருமுறை வெல்வதற்கு இவ்வளவு வாய்ப்பு என்றால், அடுத்தடுத்துப் பலமுறை வெல்வதற்கு எவ்வளவு? முதலில் அவர் பிழைபட்ட வழியிலேயே சென்றார். வெற்றி தோல்வி விகிதத்தையே பெருக்கினால் போதும் என்று கருதினார். பகடையின் ஆறு முகங்களில் மூன்று நமக்கு, மூன்று எதிரிக்கு என்று வைத்துக்கொள்வோம். விகிதம் ஒன்றுக்கு ஒன்று. ஒன்றை ஒன்றால் எத்தனை முறை பெருக்கினாலும் ஒன்றுதான். அப்படியானால் ஒருமுறை வெல்வதும் நான்கு முறை தொடர்ந்து வெல்வதும் ஒரே எளிமை உடையன என்றாகிறது. இது நகைப்புக்கிடமானது என்பதை அவரே உணர்ந்தார். தம் பிழையை மறைக்காமல் நூலிலேயே விட்டு வைத்தார். பிறகு சரியான வழியைக் கண்டார். பெருக்க வேண்டியது வெற்றிக்கும் தோல்விக்கும் உள்ள விகிதத்தை அன்று; மொத்த நிகழ்ச்சிகளில் நமக்குச் சாதகமானவை எத்தனை பங்கு என்பதை. ஒருமுறை வெல்ல 2-இல் 1. இருமுறை தொடர்ந்து வெல்ல 4-இல் 1. மும்முறை என்றால் 8-இல் 1. ஆம்! இன்று நம் வகுப்பில் நிகழ்தகவின் பெருக்கல் விதி என்று இரண்டு வரியில் எழுதிக்கொள்கிறோமே, அது ஒரு சூதாடியின் மேசையில் பிறந்தது.

எங்கள் வீட்டுக் கணக்கு

இனி என் கதைக்கு வருகிறேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். என் அண்ணன் லாரிப் பட்டறையில் மெக்கானிக். ஒருநாள் மாலை, நான்கு கிரிக்கெட் ஆட்டங்களின் பெயர்களை எழுதிய துண்டுச் சீட்டுடன் என்னிடம் வந்தான். ஒவ்வொன்றிலும் அவன் சொல்லும் அணி வென்றால் 100 ரூபாய்க்கு 190 ரூபாய். நான்கையும் ஒன்றாகக் கோத்துக் கட்டினால், முதல் ஆட்டத்தில் வந்தது முழுவதும் இரண்டாவதில் ஏறும், அது மூன்றாவதில் ஏறும், அப்படியே நான்காவதிலும். ஆயிரம் ரூபாய் கட்டினால் என்ன வரும் என்று கேட்டான். 1.9-ஐ நான்கு முறை பெருக்கினேன், 13.0321 வந்தது. பதின்மூவாயிரத்து முப்பத்திரண்டு ரூபாய் என்று நோட்டின் பின் அட்டையில் எழுதி அடிக்கோடும் இட்டுக் கொடுத்தேன். படித்த தம்பி போட்ட கணக்கு என்று அண்ணன் அதைப் பட்டறையில் எல்லோரிடமும் காட்டினானாம். எனக்கும் பெருமையாகவே இருந்தது.

பெருக்கல் சரிதான். ஆனால் நான் ஒரு பக்கத்தை மட்டுமே பெருக்கினேன். சமபலமுள்ள அணிகள் மோதும் நான்கு ஆட்டங்களில் நாம் சொன்னபடியே எல்லாம் நடக்க 16-இல் ஒரு வாய்ப்புத்தான் உண்டு. பதினாறு வாரம் ஆயிரம் ஆயிரமாகக் கட்டினால் 16,000 ரூபாய். சராசரியாக ஒருமுறை கிடைப்பது 13,032. மீதி 2,968 ரூபாய் பந்தயம் வாங்குகிறவனுக்கு. ஒரே ஆட்டத்தில் கட்டினால் நூற்றுக்கு 5 ரூபாய் எடுத்துக்கொள்கிறவன், நான்கைக் கோத்துக் கட்டினால் நூற்றுக்கு 18 ரூபாய் 55 காசு எடுத்துக்கொள்கிறான். வரவு பெருகுவது நம் கண்ணுக்குத் தெரிகிறது. அவன் பங்கும் கூடவே பெருகுவது தெரிவதில்லை.

முதல் வாரம் மூன்று அணிகள் வென்றன. நான்காவது, கடைசி ஓவரில் தோற்றது. மயிரிழையில் தப்பியது என்று அண்ணன் எண்ணினான். அந்த எண்ணமே அவனை இழுத்தது. சில வாரம் கழித்து வேறொரு முறை சொல்லித் தந்தார்கள். நான்கு ஆட்டங்களை இரண்டிரண்டாகச் சேர்த்தால் 6 சேர்க்கை. மும்மூன்றாகச் சேர்த்தால் 4. நான்கும் சேர்ந்து 1. ஆக 11 சீட்டு. சீட்டுக்கு 10 ரூபாய் வீதம் 110. இரண்டு அணி தோற்றாலும் பணம் வரும் என்றார்கள். வரும், பொய்யில்லை. இரண்டு மட்டும் வென்றால் வருவது 36 ரூபாய் 10 காசு! மூன்று வென்றால் 176 ரூபாய் 89 காசு; நான்கும் வென்றால் 621 ரூபாய் 28 காசு. ஆனால் 16 வகை முடிவுகளில் போட்ட பணத்துக்கு மேல் கிடைப்பது 5-இல் மட்டுமே. மற்ற 11-லும் நட்டம். எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி பார்த்தால் 110-க்குத் திரும்புவது ஏறக்குறைய 96 ரூபாய் 59 காசு. தோல்வியைச் சில்லறையாக மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவே.

இந்தக் கணக்குகளை நான் போட்டது அம்மாவின் கம்மல் அடகுக் கடைக்குப் போன பிறகு. அதற்கு முன்பே போட்டிருக்க வேண்டியவன் நான். லூசியாவின் நகைகளைப் பற்றிப் படித்த இடத்தில் நூலக மேசையில் சிறிது நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

அறிந்தும் விடாதவர்

கார்டானோவின் பிற்கால வாழ்வு புகழும் துயரமும் கலந்தது. 1552-இல் ஸ்காட்லாந்து வரை சென்று பேராயர் ஹாமில்டனின் மூச்சுத் திணறலைத் தணித்தார். நோயாளியின் இறகு மெத்தையை அகற்றச் சொன்னது அம்மருத்துவத்தின் ஒரு பகுதி. ஆனால் 1560-இல் அவருடைய மூத்த மகன், மனைவிக்கு நஞ்சிட்ட குற்றத்திற்காகத் தலை வெட்டப்பட்டான். இளைய மகன் ஆல்டோ பெருஞ்சூதாடியாகித் தந்தையின் வீட்டிலேயே திருடினான். தந்தையே அதிகாரிகளிடம் முறையிட, ஆல்டோ போலோனியா நகரிலிருந்து வெளியேற்றப்பட்டான். 1570-இல் சமய விசாரணை மன்றம் கார்டானோவைச் சில மாதங்கள் சிறையில் அடைத்தது. இறுதி நாட்களில் ரோமில் தம் வரலாற்றைத் தாமே எழுதினார். சதுரங்கத்திலும் பகடையிலும் கழித்த நெடிய ஆண்டுகளை நினைத்து அதில் வெட்கப்பட்டிருக்கிறார். 1576-ஆம் ஆண்டு செப்டம்பர் 21-ஆம் நாள் மறைந்தார்.

சூதின் கணக்கை உலகில் மற்றெவரையும்விட நன்கு அறிந்தவர் தம்மையும் காக்கவில்லை. தம் மகனையும் காக்கவில்லை. அறிவு வேறு, அறிந்தபடி நிற்பது வேறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? ஆயினும் அவர் விட்டுச் சென்ற பெருக்கல் விதி பிறரைக் காக்க முடியும் அன்றோ?

லாரியின் என்ஜின் சுழற்சியைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டு செல்லும் ஷாஃப்ட்டில் ஓர் இணைப்பு உண்டு. யுனிவர்சல் ஜாயிண்ட் என்பார்கள். கார்டன் ஜாயிண்ட் என்றும் அதற்குப் பெயர். அது இந்தக் கார்டானோவின் பெயரால் வழங்குவதே. தினமும் கையில் பிடித்துக் கிரீஸ் போடும் அந்த உருப்படியைக் காட்டித்தான் அண்ணனிடம் பேச்சைத் தொடங்கினேன். பிறகு அதே நோட்டின் பின் அட்டையில், 13,032-க்குக் கீழே 16-இல் 1 என்று எழுதினேன். அவன் நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான், எதுவும் சொல்லவில்லை. அந்த வாரம் சீட்டு எழுதவில்லை. அடுத்த வாரமும் எழுதவில்லை. கம்மல் இன்னும் மீட்கப்படவில்லை. மாதந்தோறும் வட்டி கட்டி வருகிறோம்.

மாணவ நண்பர்களே! நம்முள் பலர் வீட்டில் நாம்தாம் முதல் பட்டதாரிகள். நாம் எழுதிக் கொடுக்கும் எண்ணை நம் வீட்டார் வேதவாக்காகக் கொள்வர். ஆதலால் வரவைக் கணக்கிடச் சொல்லி எவர் வந்தாலும், வாய்ப்பையும் சேர்த்துக் கணக்கிட்டே கொடுப்போம். பாதிக் கணக்குப் போட்ட ஒருவன் என்ற முறையில் இதைப் பணிவுடன் சொல்லிக்கொள்கிறேன்.