ஒலிநூற் பேரறிஞர் சுநீதி குமார் சட்டர்ஜி

எடப்பாடி என்னும் ஊரின் பெயரைச் சிலர் ஏட்டில் இடைப்பாடி என்று எழுதுவர். ஊரார் நாவிலோ அஃது எடப்பாடியே. கற்றவர் சிலர் இதனைக் கொச்சை என்று ஒதுக்கக்கூடும். ஆயின் தமிழர் பேச்சை உற்றுக் கேட்பின் ஓர் ஒழுங்கு புலப்படும். பேச்சில் இலை எலையாகிறது, குடம் கொடமாகிறது. ஆனால் இடி எடியாவதில்லை, குடி கொடியாவதில்லை. சொல்லின் முதலில் நிற்கும் இகரமும் உகரமும், அடுத்த எழுத்தில் அகரமோ ஐகாரமோ வருமிடத்தே எகர ஒகரங்களாகத் திரிகின்றன. எவரும் கற்பியாத இவ்விதியை, எழுத்தறியாதவரும் இயல்பாகப் பின்பற்றுகின்றனர். இத்தகைய விதிகளை மக்கள் பேச்சினின்றும் கண்டெடுத்துக் கூறுவது ஒலிநூல். வங்க மொழிக்கு அப்பணியைச் செய்து உலகப் புகழ் எய்தியவர் சுநீதி குமார் சட்டர்ஜி.

அவர் 1890ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 26ஆம் நாள், கல்கத்தாவுக்கு எதிர்க்கரையிலுள்ள ஹௌராவைச் சார்ந்த சிப்பூரில் பிறந்தார். செல்வக் குடும்பம் அன்று. மோத்திலால் சீல் என்னும் வள்ளல் நிறுவிய இலவசப் பள்ளியில் பயின்றார். 1913இல் ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. பட்டத்தை முதல் வகுப்பில் முதல்வராகத் தேறிப் பெற்றார். பின்னர்க் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்தார். அக்காலத்தில் ஆங்கில ஆசிரியருக்கிருந்த மதிப்புப் பெரிது. தாய்மொழியை ஆராய்பவருக்கு அம்மதிப்பு இல்லை. அப்பல்கலைக்கழகத்திலேயே இந்திய மொழிகளுக்கென எம்.ஏ. வகுப்பு 1919இல்தான் தொடங்கிற்று. அதே ஆண்டில் சட்டர்ஜி அரசினர் உதவிச் சம்பளம் பெற்று இலண்டன் சென்றார். ஆங்கிலம் கற்பித்து நற்பெயர் ஈட்டியிருந்த அவர், கடல் கடந்து சென்று ஆராயத் தொடங்கியது தம் தாய்மொழியை!

இலண்டனில் அவருக்கு வாய்த்த ஆசிரியர் டேனியல் ஜோன்ஸ். கணிதமும் சட்டமும் கற்ற ஜோன்ஸ், வழக்கறிஞர் தொழிலை விரும்பாது பாரிசுக்குச் சென்று, பால் பாசி என்பாரிடம் ஒலிநூல் பயின்றவர். 1886இல் பாசியும் மொழியாசிரியர் சிலரும் கூடி நிறுவிய சங்கமே பிற்காலத்தில் அனைத்துலக ஒலியியற் கழகம் எனப் பெயர் பெற்றது. ஓர் ஒலிக்கு ஒரு குறி, ஒரு குறிக்கு ஓர் ஒலி என்பது அவர்தம் கொள்கை. அவர்கள் நடத்திய இதழ் முழுவதும் அவ்வொலிக் குறிகளாலேயே அச்சிடப்பெற்றது. எம்மொழியாளரும் தத்தம் பேச்சை உள்ளவாறே எழுதிக் காட்டுதற்கு அக்குறிகள் வழி திறந்தன. பிறப்பியல் வகுத்த தொல்காப்பியரின் மரபில் வந்தோருக்கு ஒலியாராய்ச்சி புதிதன்று; ஆனால் பல நாட்டார் ஒரே குறிமுறையால் தம் மொழிகளை ஒப்பிட்டு நோக்கியது புதிது. சட்டர்ஜியும் அக்கழகத்தாருள் ஒருவரானார்.

வங்க எழுத்தும் பேச்சும் பல இடங்களில் வேறுபடுவன. சகர இனத்தைச் சார்ந்த மூன்று எழுத்துகள் அங்கு உள்ளன. பேச்சில் பெரும்பாலும் ஓரொலியே கேட்கிறது. ஒன்று என்னும் பொருளுடைய சொல்லை ஏக் என எழுதுவர்; ஆனால் அதன் முதலொலி, பூனையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் உயிரொலியைப் போல் ஒலிக்கும். இவற்றையெல்லாம் பிழை எனத் தள்ளாது, 1921இல் வங்க ஒலிகளைப் பற்றிய சுருக்கமான நூலொன்றை அவர் எழுதினார். அவ்வாண்டே இலண்டன் பல்கலைக்கழகத்தின் டி.லிட். பட்டத்தையும் பெற்றார். பின்னர்ப் பாரிசில் ஜூல் பிளாக் முதலிய அறிஞரிடம் பயின்று, 1922இல் தாயகம் திரும்பி, கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் மொழியியலுக்கும் ஒலியியலுக்கும் பேராசிரியரானார்.

வங்க மொழியின் தோற்றமும் வளர்ச்சியும் பற்றி அவர் இயற்றிய பெருநூல் 1926இல் இரண்டு தொகுதிகளாக வெளிவந்தது. வடசொற்கள் நிறைந்த ஏட்டுநடையே உயர்ந்தது, பேச்சு வழக்கு இழிந்தது என்னும் எண்ணம் அந்நாளில் வேரூன்றியிருந்தது. பேச்சு வழக்கிற்கும் நெடிய வரலாறும் முறையான மாற்றங்களும் உண்டென்பதை இந்நூல் சான்றுகளுடன் நிறுவிற்று.

தமிழர் அவரை நினைவிற்கொள்ளத் தனிக் காரணங்கள் உண்டு. சிந்துவெளி நாகரிகம் பற்றிய செய்தி 1924இல் உலகுக்கு வெளியான சில திங்களிலேயே, அதனைத் திராவிடரோடு இணைத்துக் கட்டுரை எழுதியவர் அவர். மேலும் 1955இல் மைய அரசு அமைத்த ஆட்சிமொழிக் குழுவில் அவரும் உறுப்பினர். சேலம் வட்டாரத்துக் குமாரமங்கலம் ஜமீன்தாரும் சென்னை மாகாணத்தின் முன்னாள் முதலமைச்சருமான டாக்டர் ப. சுப்பராயனும் உறுப்பினர். குழுவின் பரிந்துரைகளோடு உடன்படாது இருவரும் தனித்தனியே மாறுபட்ட குறிப்புகளை அளித்தனர். இந்தியை விரைந்து புகுத்துதல் பிற மொழியாளருக்கு இடராகும் என்பது அவர்தம் கருத்து. முன்னர் இந்தியின் பரவலை ஆதரித்து வந்த சட்டர்ஜி, நாட்டு நிலையை நோக்கித் தம் எண்ணத்தை மாற்றிக்கொண்டார் என்பது குறிப்பிடத்தக்கது. இந்திய மொழிகள் அனைத்தையும் உரோமன் எழுத்தில் எழுதலாம் என 1935இல் அவர் கூறிய யோசனையை மட்டும் நாட்டார் ஏற்கவில்லை. தம் மொழியின் எழுத்தை இழக்க எவர்தாம் இசைவர்?

1963இல் அவருக்குப் பத்ம விபூஷண் விருது வழங்கப்பெற்றது. 1969இல் சாகித்திய அக்காதெமி அவரைத் தலைவராக்கிற்று. ஜோன்ஸ் 1950 முதல் தம் இறுதி நாள் வரை வீற்றிருந்த அனைத்துலக ஒலியியற் கழகத்தின் தலைமைப் பதவியும் அவ்வாண்டிலேயே சட்டர்ஜியை வந்தடைந்தது. இலண்டனுக்கு மாணவராய்ச் சென்று சரியாக ஐம்பது ஆண்டுகள் கழிந்திருந்தன. 1977ஆம் ஆண்டு மே 29ஆம் நாள் அவர் கல்கத்தாவில் காலமானார்.