நாணயம் வெட்டியவர்களைத் துரத்திய நியூட்டன்: அச்சுக் குறையா, ஆள் கைவரிசையா?

ஐசக் நியூட்டன் என்றாலே ஆப்பிள் மரம்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனா, கடைசி 30 வருஷம் அவர் வேலை பார்த்தது லண்டன் டவரில் இருந்த அரசு நாணயச்சாலையில். அங்கே ஒரு கேள்விக்குப் பின்னால் மனித உயிர்களே இருந்தன. ஒரு காசு கோணலா இருந்தால், அது அச்சடித்தபோது வந்த குறையா, இல்லை யாரோ பிறகு வெட்டியதா?

கோணல் காசில் என்ன பிரச்சினை?

இங்கிலாந்தின் பழைய வெள்ளிக் காசுகள் கையால் அடிக்கப்பட்டவை. இரண்டு அச்சுகளுக்கு நடுவே வெள்ளி வில்லையை வைத்து, சுத்தியலால் ஒரே போடு. படம் நடுவில் விழாது, வட்டமும் சரியா வராது. புதுக் காசே கோணல்தான். திருடர்களுக்கு இது ரொம்ப வசதி. ஓரத்தைக் கொஞ்சம் நறுக்கி எடுத்தாலும் சட்டென யாருக்கும் சந்தேகம் வராது. 1695-ல் அரசுக்கு வந்து சேர்ந்த வெள்ளிக் காசுகளை நிறுத்துப் பார்த்தபோது, இருக்க வேண்டிய எடையில் ஏறக்குறைய பாதிதான் இருந்தது.

1662-லிருந்தே இயந்திரக் காசுகள் வரத் தொடங்கியிருந்தன. அவற்றின் விளிம்பில் வரிகளோ எழுத்துகளோ இருக்கும். நறுக்கினால் உடனே தெரிந்துவிடும். ஆனாலும் பழைய காசுகளும் புழக்கத்திலேயே இருந்தன.

53 வயதில் புது வேலை

1696-ல் கேம்பிரிட்ஜை விட்டு, நாணயச்சாலையின் வார்டனாக வந்தார் நியூட்டன். பழைய காசுகளை உருக்கிப் புதுசா அடிக்கும் பெரிய வேலை அப்போதுதான் தொடங்கியிருந்தது. லண்டனைத் தவிர ஐந்து ஊர்களில் தற்காலிகச் சாலைகள் திறக்கப்பட்டன. செஸ்டர் சாலையின் பொறுப்பில் இருந்தவர்களில் ஒருவர், வால்நட்சத்திரத்தால் நமக்குத் தெரிந்த எட்மண்ட் ஹேலி. கிட்டத்தட்ட 70 லட்சம் பவுண்டு மதிப்புள்ள வெள்ளிக் காசுகள் புதிதாக அடிக்கப்பட்டன.

ஆனால், அடி விழுந்தது சாதாரண மக்களுக்கு. 1696 மே மாதத் தொடக்கத்துக்குப் பிறகு, வெட்டுப்பட்ட காசை வரிக்கு முழு மதிப்பில் அரசு வாங்கவில்லை. புதுக் காசு கைக்கு வரவும் நாளானது. வெட்டியவன் யாரோ, நஷ்டம் கடைசியாக வைத்திருந்தவருக்கு.

வேண்டாவெறுப்பாக வந்த துப்பறிவாளர்

காசை நறுக்குவதும், கள்ளக்காசு அடிப்பதும் அன்று ராஜத்துரோகம். தண்டனை மரணம். குற்றவாளிகளைப் பிடிப்பது வார்டனின் கடமை. இந்த வேலையிலிருந்து தன்னை விடுவிக்கச் சொல்லி நியூட்டன் மனு கொடுத்தார், நடக்கவில்லை. அதன்பிறகு முழுமூச்சாக இறங்கிவிட்டார். சாட்சிகள், சந்தேக நபர்கள் என நூற்றுக்கும் மேற்பட்ட விசாரணைகள். வில்லியம் சலோனர் என்ற கள்ளக்காசுக்காரர் நாணயச்சாலை மீதே குற்றம் சொல்லி, உள்ளே நுழையப் பார்த்தார். நியூட்டன் அனுமதிக்கவில்லை. மாறாக, அவருக்கு எதிரான சாட்சிகளை ஒவ்வொன்றாகச் சேர்த்தார். 1699-ல் சலோனர் தூக்கிலிடப்பட்டார்.

சொந்த வீட்டுக் குறை

அதே ஆண்டின் முடிவில் நியூட்டன் நாணயச்சாலையின் தலைவர், அதாவது மாஸ்டர் ஆனார். தப்பு வெளியே மட்டும் இல்லை என்பது அவருக்குப் புரிந்திருந்தது. புதுக் காசுகளிலேயே ஒன்று கொஞ்சம் கனம், இன்னொன்று லேசு. வியாபாரிகள் கனமானதைப் பொறுக்கி எடுத்து உருக்கிவிடுவார்கள். இந்த எடை வித்தியாசத்தை அவர் வெகுவாகக் குறைத்தார். 1727-ல் 84 வயதில் இறக்கும்வரை அந்தப் பதவியில்தான் இருந்தார்.

உங்க கையில் பழைய காசு இருக்கா?

* படம் ஒரு பக்கமா ஒதுங்கி, எதிர்ப்பக்கம் வெற்று உலோகம் தெரிந்தால், அச்சு நகர்ந்து விழுந்திருக்கிறது. எழுத்தை அறுத்துக்கொண்டு விளிம்பு முடிந்து, எடையும் குறைந்தால் வெட்டப்பட்டிருக்கலாம்.

* மேலே எழும்பி நிற்கும் மெல்லிய கோடு, பெரும்பாலும் அச்சில் விழுந்த விரிசலின் அடையாளம். உள்ளே குழிந்த கோடு பெரும்பாலும் பின்னால் பட்ட கீறல்.

* மூக்கு, கன்னம் போன்ற மேடான இடங்கள் மழுங்கி வழவழப்பாக இருந்தால் தேய்மானம்.

அதனால், கோணலா இருக்கேன்னு ஒரு காசை உடனே ஒதுக்க வேண்டாம். முதலில் விளிம்பைப் பாருங்க, அப்புறம் எடை போடுங்க.